அம்மாவுக்கு மருந்து வைத்துவிட்டார்களா?

கேள்வி:

ஐயா, நான் புக்கிட் மெர்தாஜாமில் வசிக்கிறேன். என் அம்மாவுக்கு 71 வயது. அப்பா இறந்தபின் பிறையில் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். எட்டு மாதமாக அம்மாவின் உருவமே மாறிவிட்டது. முகம் ஊதி உருண்டையாகிவிட்டது. கை கால் மட்டும் குச்சியாக இளைத்துவிட்டன. சும்மா பிடித்தாலே கையில் கருநீலமாகக் கன்றிப்போகிறது. இதுவரை இல்லாத சர்க்கரையும் வந்திருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள். முட்டி வலி மட்டும் இல்லை. தோழி ஒருவர் இரவுச் சந்தையில் வாங்கித் தரும் மூலிகை மாத்திரையால் அது மூன்றே நாளில் போய்விட்டது என்கிறார்.

தீபாவளிக்குப் பிறகு பத்து நாள் தங்கட்டும் என்று என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். மூன்றாம் நாளே படுத்துவிட்டார். வாந்தி, தலைசுற்றல், எழுந்து நிற்க முடியவில்லை. "என்னை அங்கேயே கொண்டுபோய் விட்டுவிடு" என்று அழுதார். கொண்டுபோய் விட்ட மறுநாள் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாராம். அந்த வீட்டை விட்டு அம்மா அகலாமல் இருக்க அண்ணி வசிய மருந்து வைத்திருக்கிறார் என்று உறவினர்கள் சொன்னார்கள். கூலிம் பக்கம் மருந்து எடுப்பவர் ஒருவரிடம் போனோம். ஏதோ குடிக்கக் கொடுத்து, வாந்தி எடுக்க வைத்து, மயிர் உருண்டை ஒன்றைக் காட்டினார். 900 ரிங்கிட் வாங்கிக்கொண்டு, இன்னும் இரண்டு முறை வரவேண்டும் என்றார். அம்மாவின் வீட்டை அண்ணன் தன் பெயருக்கு எழுதி வாங்கவும் பார்க்கிறார். யாருக்கும் தெரியாமல் விஷப் பரிசோதனை செய்ய முடியுமா? போலீசில் புகார் கொடுக்கலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

சகோதரி, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப்போன ஒரு வரி இருக்கிறது: முட்டி வலிக்குத் தோழி வாங்கித் தரும் மாத்திரை. என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. காரணம் சொல்வதற்கு முன் அவசரமாக ஒன்று. இதைப் படித்ததும் பிறைக்கு ஓடி அந்தப் புட்டியைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள். நான் நினைப்பது சரியென்றால், அந்த மாத்திரையைச் சாப்பிடுவதைவிட அதைத் திடீரென்று நிறுத்துவதுதான் அம்மாவுக்கு உடனடி ஆபத்து. மருத்துவர் பார்க்கும்வரை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். அதனால்தான் இன்றே போகச் சொல்கிறேன்: மாத்திரையையும் அம்மாவையும் சேர்த்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மறுபடி வாந்தி, மயக்கம், பேச்சில் தடுமாற்றம் எது தெரிந்தாலும் 999. அவசரப் பிரிவில், "பல மாதமாக ஸ்டீராய்டு கலந்த மாத்திரை சாப்பிட்டிருக்கலாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் அங்கே பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும்.

நான் மருத்துவன் அல்லன். அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்க எனக்கு உரிமையும் கிடையாது, துணிச்சலும் கிடையாது. ஆனால் உருண்ட முகம், இளைத்த கை கால், தொட்டால் கன்றும் தோல், புதிதாக வந்த சர்க்கரை, மூன்றே நாளில் மாயமான மூட்டு வலி ஆகிய ஐந்தும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மருமகள் அல்ல, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு.

அது கெட்ட மருந்தும் அல்ல. கடுமையான ஒவ்வாமைக்கும், மூளை வீக்கத்துக்கும், கோவிட் காலத்தில் ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளுக்கும் அதைக் கொடுத்து உயிரை மீட்டிருக்கிறார்கள். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி நாள்தோறும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. டெக்ஸாமெத்தசோன் அதே வேலையைச் செய்யும். எடைக்கு எடை சுமார் 25 மடங்கு வலுவாகச் செய்யும். வீக்கம் வடியும், வலி ஓடிவிடும், பசி எடுக்கும், உடம்பு தெம்பாகத் தோன்றும். இதை ஒரு புட்டி வேர்த் தூளில் யாருக்கும் சொல்லாமல் கலந்துவிட்டால் அந்த மூலிகையைப் போல மூலிகை உலகத்தில் இல்லை என்று ஊரே சத்தியம் செய்யும். மூன்று நாளில் முட்டி வலி போனால் கும்பிடாதீர்கள், சந்தேகப்படுங்கள். மூலிகை அவ்வளவு அவசரப்படாது.

பல வாரங்களாக வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் சுரப்பி தன் வேலையை விட்டுவிடும். மூன்று வேளையும் கடைச் சாப்பாடு வருகிற வீட்டில் அடுப்பு பற்ற வைப்பதில்லை அல்லவா, அப்படி. திடீரென்று ஒருநாள் கடைச் சாப்பாடு நின்றுபோனால் அந்த அடுப்பு உடனே பற்றாது, விறகு நனைந்திருக்கும். ரத்த அழுத்தம் இறங்கும், வாந்தி வரும், காலில் நிற்கப் பலம் இருக்காது. கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம்.

இப்போது ஒன்று கேட்கிறேன். அம்மா உங்கள் வீட்டுக்கு வந்தபோது பையில் என்னென்ன கொண்டுவந்தார்? இரண்டு சேலை, மூக்குக் கண்ணாடி, திருநீற்றுப் பெட்டி எல்லாம் வந்திருக்கும். மாத்திரைப் புட்டி வந்ததா? வராமல் பிறையிலேயே தங்கியிருந்தால், உங்கள் வீட்டில் மூன்றாம் நாள் படுத்ததற்கும், திரும்பிப்போன மறுநாள் இட்லி சாப்பிட்டதற்கும் அண்ணியின் கை தேவையே இல்லை. அம்மாவை அந்த வீட்டோடு ஏதோ ஒன்று கட்டிப்போட்டிருக்கிறது என்று உங்கள் உறவினர்கள் சொன்னது ஒரு வகையில் உண்மைதான். கட்டிய கயிறு எது என்பதில்தான் பிசகிவிட்டார்கள்.

இப்படிப்பட்ட புட்டிகளை என் மேசையில் எத்தனையோ முறை கொட்டிப் பார்த்திருக்கிறேன். ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. முதியவர் ஒருவர் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். பச்சையும் மஞ்சளுமாகக் காப்சூல். திறந்தால் பழுப்புத் தூள், இஞ்சி வாசனை. லேபிளில் வேர், இலை, சிரிக்கும் தாத்தா படம். "முற்றிலும் இயற்கை" என்று மூன்று மொழியில் அச்சடித்திருந்தது. பதிவு எண் மட்டும் எங்கேயும் இல்லை. நம் நாட்டில் பாரம்பரிய மருந்தானாலும் சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவில் பதிந்திருக்க வேண்டும், எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் புட்டியில் இருக்க வேண்டும். எண்ணை இணையத்தில் தட்டிப் பார்த்தால் பொருளின் பெயர் வரும். வராவிட்டால் அதை வாயில் போடாதீர்கள். பொய் எண்ணை அச்சடிக்கும் கெட்டிக்காரர்களும் உண்டு என்பதால்தான் தட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் நாட்டுச் சட்டத்தில் ஸ்டீராய்டின் பெயரே விஷம்தான். 1952-ஆம் ஆண்டு விஷச் சட்டம், மலாயில் 'அக்தா ராச்சுன்', மருத்துவர் சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாத மருந்துகளையெல்லாம் 'ராச்சுன்' என்றே பட்டியலிடுகிறது. ஆகவே உங்கள் அம்மாவுக்கு யாரோ விஷம் கொடுக்கிறார்கள் என்று நீங்கள் புகார் எழுதினால், என் ஊகம் சரியென்னும் பட்சத்தில், சட்டத்தின் கண்ணில் அது சரியான புகார்தான். குற்றவாளி பிறை அடுப்படியில் இல்லை. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கூடாரம் போட்டிருக்கிறார். அவரைப் பற்றி மருந்தக அமலாக்கப் பிரிவில் சொல்லுங்கள். தோழியைத் திட்டாதீர்கள், பாவம், அவரும் அதையேதான் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவரையும் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கூலிம்காரரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்ட சோறு சில மணி நேரத்தில் இரைப்பையைக் கடந்துவிடும். எட்டு மாதம் ஒரு மூலையில் உட்கார்ந்து வசியம் செய்ய இரைப்பையில் திண்ணை கிடையாது. தம் முடியைத் தாமே தின்னும் மனநோய் உள்ளவர்களுக்கு வயிற்றில் மயிர்ப் பந்து சேர்வதுண்டு. அது வாந்தியில் வராது, பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை செய்துதான் எடுப்பார்கள். ஒருமுறை, 'வைத்த மருந்து' என்று ஒரு குடும்பம் ஜாடியில் போட்டுக் கொண்டுவந்த உருண்டையைச் சும்மா பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கொஞ்சம் தலைமுடி, கொஞ்சம் தேங்காய் நார், ஒட்டுவதற்கு வெல்லம். வெல்லம் கரையக்கூட இல்லை. வயிற்றுக்குள் மாதக்கணக்கில் இருந்த வெல்லமாம்! விரலிடுக்கிலிருந்து பாத்திரத்துக்கு வர அந்த உருண்டைக்கு ஒரு நொடி போதும். 900 ரிங்கிட் போனது போகட்டும். அம்மா மறுபடி அங்கே போகக் கூடாது. அவர் குடிக்கக் கொடுத்தது என்னவென்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அட்ரினல் ஓய்ந்துபோன உடம்பில் வலுக்கட்டாயமாக வாந்தி எடுக்க வைப்பது கிணற்றில் விழுந்தவர் மேல் கல் போடுவது. உண்மையிலேயே விஷம் குடித்தவரைக்கூட வீட்டில் வாந்தி எடுக்க வைக்காதீர்கள் என்றுதான் நாங்கள் சொல்லிக் கொடுக்கிறோம்.

அப்படியானால் சோற்றில் விஷம் வைப்பவர்களே உலகத்தில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித் தெரிந்ததைச் சொல்வதும் என் கடமை, ஏனென்றால் நான் தவறாகவும் ஊகித்திருக்கலாம்.

2022 அக்டோபரில் கேரளத்து ஷாரோன் ராஜ் என்ற இளைஞருக்குக் காதலி கஷாயம் கொடுத்தார். இடம் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம். கஷாயத்தில் இருந்தது பாராகுவாட் என்ற களைக்கொல்லி. பதினொரு நாள் மருத்துவமனையில் கிடந்து இறந்தார். வேறொருவருடன் அந்தப் பெண்ணுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. விஷம் வைப்பவரின் பெரிய பலம் விஷம் அல்ல, கொடுக்கும் கையின் மீது உள்ள நம்பிக்கை. கஷாயம் கசக்கத்தான் செய்யும் என்று நாமே நம்மைச் சமாதானப்படுத்திக்கொள்கிறோம்.

பாராகுவாட் என்றதும் நம்மவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரவேண்டும். தோட்டங்களில் நம் பெண்கள் முதுகில் பம்பு சுமந்து அடித்தது அதே மருந்துதான். மூக்கில் ரத்தம், கழன்று விழும் நகம், ஆறாத புண் என்று அவர்கள் சொன்னதை நெடுங்காலம் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2002-இல் தடை என்றார்கள், 2006-இல் தடையைத் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி முதல் நாள்தான் முழுத் தடை வந்தது. அந்தப் பெண்களுக்கு யாரும் இருட்டில் ஒளிந்து கலக்கவில்லை. காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டில், பட்டப்பகலில், மண்டோர் என்ற மேற்பார்வையாளர் எடுத்துக் கொடுத்தார். விஷம் என்றவுடன் நாம் மருமகளைத்தான் தேடுகிறோம் என்பது எனக்கு நெடுநாள் எரிச்சல். இதோடு விட்டுவிடுகிறேன்.

இங்கிலாந்தில் கிரகாம் யங் என்பவர் 1971-இல் தான் வேலை செய்த இடத்தில் சக ஊழியர்களின் தேநீரில் தாலியம் கலந்தார். பலர் நோயில் விழுந்தார்கள், இருவர் இறந்தார்கள். ஏதோ கிருமி பரவுகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். தாலியம் என்று யோசித்தீர்களா என்று மருத்துவரிடம் அவரே வலியக் கேட்டுத் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிக்கொண்டதில் அகப்பட்டார். இறந்த ஒருவரின் உடலை எரித்துவிட்டிருந்தார்கள். சாம்பலைச் சோதித்து அதில் தாலியம் இருப்பதைக் கண்டார்கள். நம் ஊரில் நடந்ததோ உலகத்துக்கே தெரியும். 2017 பிப்ரவரி 13 அன்று கேஎல்ஐஏ 2 விமான நிலையத்தில் வட கொரியத் தலைவரின் மாற்றாந்தாய் அண்ணன் கிம் ஜோங் நாமின் முகத்தில் பூசப்பட்டது விஎக்ஸ் என்ற நரம்பு நஞ்சு. கண்ணிலும் முகத்திலும் எடுத்த மாதிரிகளை வைத்து மலேசிய இரசாயனத் துறை அதைக் கண்டுபிடித்தது.

இந்த வழக்குகளை உங்களுக்குச் சொல்வதற்குக் காரணம், 'விஷப் பரிசோதனை' என்று ஒரே ஒரு பரிசோதனை கிடையாது என்பதுதான். ஒரு குழாய் ரத்தத்தைக் கொடுத்தால் உலகத்து நஞ்சையெல்லாம் சொல்லிவிடும் இயந்திரம் எந்தக் கூடத்திலும் இல்லை. எதைத் தேடுவது என்று நோயின் குறிகளைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யவேண்டும். முடி கொட்டினால் தாலியம், நகத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால் ஆர்செனிக், சுரக்கும் எச்சிலும் சுருங்கிய கண்மணியும் என்றால் பூச்சிக்கொல்லி வகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கைரேகை உண்டு. உங்கள் அம்மாவின் குறிகள் அவற்றில் எதிலும் அடங்கவில்லை. யாருக்கும் தெரியாமல் தனியார் கூடத்தில் சிறுநீரைக் கொடுத்துப் பார்க்கலாம் என்ற எண்ணத்தையும் விடுங்கள். பினாங்குக்காரர்கள் நாம், மீனும் இறாலும் இல்லாமல் சோறு இறங்காது. கடல் உணவில் இயல்பாகவே ஒருவகை ஆர்செனிக் உண்டு. அது உடம்பைக் கெடுப்பதில்லை, ஆனால் சோதனைத் தாளில் எண்ணை ஏற்றிக் காட்டும். அதற்காகவே சில நாள் மீனை நிறுத்திவிட்டுத்தான் அந்தச் சோதனைக்குச் சிறுநீர் எடுப்பார்கள். இது தெரியாமல் ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நீங்கள் அண்ணன் வீட்டு வாசலில் நின்றால், முந்தின நாள் அண்ணி வைத்த மீன் குழம்பே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

உங்கள் சந்தேகத்தை மருத்துவரிடம் மறைக்கவும் வேண்டாம். தனியாகப் பேசவேண்டும் என்று கேட்டு, அம்மா இல்லாத அறையில், நடந்ததைத் தேதியோடு சொல்லுங்கள். வந்தது, படுத்தது, போனது, எழுந்தது. யார் செய்தார் என்பதைச் சொல்லாதீர்கள், அது அவர் வேலையும் அல்ல. காலையில் ரத்தம் எடுத்துக் கார்ட்டிசால் அளவு பார்ப்பார்கள். சர்க்கரை, பொட்டாசியம், ரத்த அழுத்தம், கண் எல்லாம் பார்ப்பார்கள். ஸ்டீராய்டுதான் என்று தெரிந்தால் அளந்த மாத்திரையைக் கொடுத்து, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ படிப்படியாகக் குறைப்பார்கள். அந்தச் சமயத்தில் முட்டி வலி திரும்பி வரும். அம்மா பழைய புட்டியைக் கேட்டு அடம்பிடிப்பார், தயாராக இருங்கள். வேறு ஏதாவது நஞ்சு என்று மருத்துவர் ஐயப்பட்டால் என்ன செய்வது என்று விசாரிக்க அவருக்கு ஓர் இடம் இருக்கிறது: தேசிய விஷ மையம். 1994 முதல் நம் பினாங்கிலேயே, குளுகோரில் அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்குகிறது. பொதுமக்களும் அழைத்துக் கேட்கலாம்.

எல்லாச் சோதனையும் முடிந்து, சோற்றில்தான் ஏதோ இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால் அன்றே போலீசுக்குப் போங்கள். குற்றவியல் சட்டத்தின் 328-ஆம் பிரிவு, தீங்கு செய்யும் நோக்கத்தோடு நஞ்சு கொடுப்பவருக்குப் பத்து ஆண்டு வரை சிறை என்கிறது. அதற்கு முன் போனால் என்ன ஆகும் தெரியுமா? போலீஸ் கேட்கும் முதல் கேள்வி, "எந்த விஷம்?" என்பதாக இருக்கும். பதில் இல்லாமல் திரும்பி வருவீர்கள். அண்ணன் வீட்டுக் கதவு உங்களுக்கு அடைபட்டிருக்கும். அம்மா கதவுக்கு அந்தப் பக்கம், அதே புட்டியோடு.

வீட்டுப் பத்திரத்தைச் சோற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வழக்கறிஞரிடம் கேட்கவேண்டிய சங்கதி. என் துறையிலிருந்து ஒன்று மட்டும் சொல்ல முடியும்: ஸ்டீராய்டு அதிகமானால் தூக்கம் கெடும், மனம் ஏறி இறங்கும், சில வயதானவர்களுக்குப் புத்தியே தடுமாறும். ஆகவே அம்மாவின் உடம்பு நிலைப்படும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம் என்று அண்ணனிடம் நேராகவே சொல்லுங்கள். இதற்கு மருத்துவரும் துணை நிற்பார். அண்ணன் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கடைசியாக, மருத்துவமனைக்குப் போகும்போது அண்ணியையும் அழைத்துக்கொண்டு போங்கள். முகம் சுளிக்காதீர்கள். அந்த மாத்திரை எந்த மாதம் தொடங்கியது, நாளுக்கு எத்தனை, காலையிலா இரவிலா, புட்டி தீர்ந்த நாளில் அம்மா எப்படி இருந்தார் என்று மருத்துவர் கேட்பார். எட்டு மாதமாக உடன் இருந்து பார்த்தவர் அவர்தான். உங்களுக்குப் பதில் தெரியாது.